ஒன்று, ஐந்து, ஒன்பது

சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் முன்பு மின்தூக்கிக்குள் நுழைந்தால் மாடிக்கொரு பொத்தான் இருக்காது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்றே பொத்தான்கள் இருந்த புளோக்குகள் ஏராளம். ஏழாம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவார், அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே வருவார். விருந்தாளிக்கு வழி சொல்லும்போதே, “ஒன்பதுல எறங்கி ரெண்டு மாடி கீழ வாங்க” என்று சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

இப்படிக் கட்டியதற்குக் காரணம் இருந்தது. இந்தக் கட்டடங்களைக் கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி 1இல் பொறுப்பேற்றபோது கம்பத்து வீடுகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் மக்கள் அடைந்து கிடந்தார்கள். அடுத்த ஆண்டு மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. வேகமாகவும் மலிவாகவும் கட்டியே தீரவேண்டும். முதல் ஐந்தாண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மின்தூக்கி நிற்கும் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதவு, அதற்கொரு பூட்டு, அதைப் பராமரிக்க ஆள் என்று செலவு கூடும். நிறுத்தங்களைக் குறைத்தால் பயணமும் விரைவாக முடியும். ஒரே மின்தூக்கி இன்னும் பல குடும்பங்களுக்குப் போதும். குடிவந்தவர்களில் பெரும்பாலோர் இளம் தம்பதியரும் பிள்ளைகளும். இரண்டு மாடி ஏறுவது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பின்னாளில் வந்த பெரிய வீடுகளில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. மின்தூக்கி நிற்கும் மாடியில் மட்டும் கட்டடத்தின் நீளத்துக்கும் நடைபாதை ஓடும். மற்ற மாடிகளில் நடைபாதை துண்டுதுண்டாக இருக்கும். ஒரு படிக்கட்டை இரண்டு மூன்று வீடுகள் மட்டும் பகிர்ந்துகொள்ளும். அந்நியர் யாரும் சன்னல் ஓரமாக நடந்து போகமாட்டார்கள். இந்தத் தனிமையை விரும்பியே பலர் நடுமாடிகளைத் தேடி வாங்கினார்கள். அதே அமைப்புதான் பிற்பாடு பொறியாளர்களுக்குப் பெரும் தலைவலியானது.

1970களில் முப்பது வயதில் குடிவந்தவருக்கு 2000களில் அறுபது தாண்டிவிட்டது. பக்கவாதம் வந்தவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கீழ்த்தளத்தில் இறுதிச் சடங்கு நடக்கும் நாளில் சவப்பெட்டியும் படிவழியே வந்தது. மூட்டுவலிக்காரர் சந்தைக்குப் போவதை வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார். ஒருவர் வெளியே போகலாமா, எத்தனை முறை போகலாம் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வரைபடத்தில் போட்ட மூன்று கோடுகள் தீர்மானித்துக்கொண்டிருந்தன.

1990க்குப் பிறகு கட்டப்பட்ட கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நின்றது. பழையவற்றுக்காக 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இருக்கிற சுவரில் புதிதாக வாசல் வெட்டினால் போதும் என்ற கட்டடங்கள் எளிதில் முடிந்தன. நடைபாதை துண்டுபட்ட கட்டடங்களில் அது நடக்காது. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் தனி மின்தூக்கி வேண்டும் என்ற நிலை. கட்டடத்துக்கு வெளியே புதிய கோபுரம் எழுப்பி, அங்கிருந்து மாடிக்கு மாடி சிறு பாலம் போட்டு இணைத்தார்கள். மொட்டைமாடியில் இயந்திர அறை தேவைப்படாத மின்தூக்கிகள் வந்தது பெரிய உதவி. சில வீடுகளுக்கு மட்டுமே பயன்படும் இடங்களில் சிறிய மின்தூக்கிகளைப் பொருத்திச் செலவைக் குறைத்தார்கள். இந்த வேலையெல்லாம் உள்ளே குடும்பங்கள் வசித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது என்பது வியந்து பாராட்டவேண்டிய ஒன்று.

செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. நகர மன்றம் ஒரு பங்கு தந்தது. சிங்கப்பூர்க் குடிமக்களான உரிமையாளர்கள் அதிகபட்சம் 3,000 வெள்ளி கட்டினார்கள். ஆனால் முதலில் வாக்கெடுப்பு. தகுதிபெற்ற குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும்.

புளோக்கில் போட்ட வாக்கைவிடத் தேர்தலில் போட்ட வாக்குதான் பெரிய சர்ச்சையானது. 1997 தேர்தலை ஒட்டி, பிரதமர் கோ சோக் டோங் வீடமைப்புப் பேட்டை மேம்பாட்டில் ஆளுங்கட்சியை ஆதரிக்கும் இடங்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். 2006 தேர்தலில் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங்குக்கு 10 கோடி வெள்ளியும் பொத்தோங் பாசிருக்கு 8 கோடி வெள்ளியும் மேம்பாட்டுக்காக ஆளுங்கட்சித் தரப்பில் உறுதியளிக்கப்பட்டன. இரு தொகுதி மக்களும் அதற்கு அசையவில்லை. அங்கிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர்கள் லோ தியா கியாங்கும் சியாம் சீ டோங்கும் மறுபடி வென்றார்கள். 2009இல்தான் அவ்விரு தொகுதிகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. அதுவரை அங்கே படியேறிய முதியவர்கள் இழந்த ஆண்டுகளை எந்தக் கொள்கை விளக்கமும் ஈடுசெய்யாது. நடக்க முடியாதவருக்கு வேண்டிய வசதியைத் தேர்தல் பரிசாக வைத்தது தவறு.

2014 வாக்கில் திட்டம் பெரும்பாலும் நிறைவேறியது. 5,000க்கும் மேற்பட்ட புளோக்குகள், ஏறத்தாழ 5 லட்சம் குடும்பங்கள்.

அதற்குள் அடுத்த கவலை எழுந்தது. எல்லா மாடியிலும் நிற்கிற மின்தூக்கிக்கும் வயதாகும். 2015, 2016 ஆண்டுகளில் நடந்த விபத்துகள் மக்களை உலுக்கின. 2016 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மின்தூக்கிக்கும் இயக்க அனுமதி கட்டாயமானது. அதே ஆண்டு, நகர மன்றங்கள் பழைய மின்தூக்கிகளைப் புதுப்பிக்க 45 கோடி வெள்ளி நிதியை அரசு அறிவித்தது. கதவு திறந்திருக்கும்போது கூண்டு தானாக நகர்ந்தால் பிடித்து நிறுத்தும் சாதனம், கதவிடுக்கில் கை இருந்தால் உணரும் ஒளித்திரை, மின்சாரம் போனால் அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் கருவி ஆகியவற்றைப் பொருத்தவே அந்தப் பணம். மின்தூக்கிகளை மாற்றுவதற்கென்றே நகர மன்றங்கள் தனி நிதியும் வைக்கவேண்டும். குடியிருப்பாளர்கள் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காடு அதற்குப் போகிறது.

விடுபட்ட கட்டடங்களும் உண்டு. 2020இல் ஏறத்தாழ 150 புளோக்குகளில் சில வீடுகளுக்கு மின்தூக்கி நேராகப் போகவில்லை. கோபுரம் எழுப்ப இடமில்லை, அல்லது ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு அரசு வகுத்த வரம்பைத் தாண்டியது. உடல்நலக் காரணத்தால் படியேற முடியாதவர்கள் வேறு வீடு வாங்கிப் போக, அந்த ஆண்டு மார்ச்சில் 30,000 வெள்ளி வரையிலான மானியம் வந்தது. உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பெற, பழகிய அண்டை வீட்டாரையும் சந்தையையும் மருந்தகத்தையும் விட்டுப் போகவேண்டும். எழுபது வயதுக்கு மேல் அது சிறிய விலையல்ல. மிச்சமிருக்கும் அந்தப் புளோக்குகளுக்கு முதலில் தேடவேண்டியது, இன்னும் குறுகிய இடத்தில் இன்னும் குறைந்த செலவில் நிற்கக்கூடிய ஒரு மின்தூக்கியைத்தான்.