வட்ஸ்அப் கணக்கைப் பறிகொடுக்காமல் காப்பது எப்படி?

"அவசரமாக இருபதாயிரம் ரூபா தேவைப்படுகிறது, நாளை தந்து விடுகிறேன்" என்று தெரிந்த ஒருவரின் வட்ஸ்அப் இலக்கத்திலிருந்து தகவல் வந்தால் நம்மில் பலர் மறுபேச்சின்றி அனுப்பி விடுவோம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. திருடர்கள் முதலீடாக்குவது இந்த நம்பிக்கையைத்தான்.

நான் தகவல் தொழில்நுட்ப நிபுணன் அல்லன். கலாசாலையில் பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆசிரியன். ஆனாலும் பெற்றோர் பலர் இதே பிரச்சினையோடு என்னிடம் வருவதால், தெரிந்தவற்றை ஓர் ஒழுங்கில் எழுதி வைப்பது பயன் தரும் என நினைக்கிறேன்.

எப்படித் திருடுகிறார்கள்?

வட்ஸ்அப்புக்குக் கடவுச்சொல் கிடையாது. உங்கள் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீடுதான் அதன் சாவி. திருடன் தனது போனில் உங்கள் இலக்கத்தைப் பதிகிறான். குறியீடு உங்களுக்கு வருகிறது. உடனே, ஏற்கெனவே பறிக்கப்பட்ட உங்கள் நண்பரின் கணக்கிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்பி விடுங்கள்" என்று தகவல் வருகிறது. அனுப்பிய கணமே உங்கள் கணக்கு அவன் கையில். அடுத்து அவன் உங்கள் பெயரில் உங்கள் மச்சானிடம் கேட்பான். சங்கிலி இப்படித்தான் நீள்கிறது.

இரண்டாவது வழி, 'லிங்க்டு டிவைசஸ்'. பரிசு, வாக்களிப்பு, உதவித்தொகை என்று ஏதாவது ஒரு பெயரில் வரும் இணைப்பு, ஒரு கியூஆர் படத்தை ஸ்கேன் செய்யவோ, ஒரு குறியீட்டை வட்ஸ்அப்பில் பதியவோ சொல்லும். அப்படிச் செய்தால் திருடனின் கணினி உங்கள் கணக்கோடு இணைந்து விடும். முதல் வழியில் உங்கள் போனிலுள்ள பழைய உரையாடல்கள் அவனுக்குக் கிடைப்பதில்லை. இதில் அவற்றையும் பார்க்கலாம். உங்கள் போனும் வழமைபோல் வேலை செய்வதால் சந்தேகமே வராது.

மூன்றாவது, அழைப்பைத் திருப்புதல். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களிடம் போகும். குறியீட்டைக் குரல் அழைப்பாகப் பெற்றுக் கொள்வார்கள். அப்படிச் செய்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் ##002# என அழுத்தி அழையுங்கள். எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. செட்டிங்ஸ், எக்கவுண்ட் பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்பதை இயக்கி, ஆறு இலக்க பின் ஒன்றை வையுங்கள். 2017 முதல் இந்த வசதி எல்லோருக்கும் உண்டு. குறுஞ்செய்திக் குறியீடு திருடனிடம் போனாலும் இந்த பின் இல்லாமல் அவனால் நுழைய முடியாது. பிறந்த வருடத்தை பின்னாக வைக்காதீர்கள். மீட்பு மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்து விடுங்கள்.

2. வாரம் ஒருமுறை 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் உடனே நீக்குங்கள்.

3. சிம் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். கடைக்காரரின் பெயரிலோ, வெளிநாட்டில் இருப்பவரின் பெயரிலோ இருந்தால், தொலைந்த நாளில் மாற்று சிம் எடுப்பது பெரும் பாடாகி விடும்.

4. கட்டார், சவூதி போய் இருப்பவர்கள் பலர் இலங்கை இலக்கத்திலேயே வட்ஸ்அப்பைத் தொடர்கிறார்கள். ரீலோட் செய்யாமல் விட்ட சிம் செயலிழந்தால், நிறுவனம் அதே இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அவர் வட்ஸ்அப் திறக்கும்போது உங்கள் கணக்கு ஆபத்துக்குள்ளாகும். ஒன்றில் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அல்லது 'சேஞ்ச் நம்பர்' மூலம் அங்குள்ள இலக்கத்துக்கு மாறுங்கள்.

பறிபோய் விட்டால்

பதற வேண்டாம். சிம் உங்களிடம் இருந்தால் வட்ஸ்அப்பில் உங்கள் இலக்கத்தை மீண்டும் பதிந்து, வரும் குறியீட்டைக் கொடுங்கள். திருடன் வெளியேற்றப்படுவான். அவன் ஏற்கெனவே பின் வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் அவனாலும் கணக்கைப் பயன்படுத்த முடியாது.

அதே நேரம் உறவினர்களுக்கு அழைப்பெடுத்துச் சொல்லுங்கள். குழு நிர்வாகிகளிடம் உங்கள் இலக்கத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். பின்னர் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பழைய போன் வாங்குவோருக்கு

*#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என அறியலாம். வாங்கிய பின் 'பெக்டரி ரீசெட்' செய்தே பாவியுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் எவ்வளவு மலிவானாலும் வங்கிச் செயலிக்கு உகந்ததல்ல.

பணம் மட்டுமல்ல

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பரவிய வதந்தியும், பேஸ்புக்கில் சுற்றிய காணொளியும் நமக்கு நினைவிருக்கும். அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டு விட்டன. ஓர் உலமாவின், அதிபரின் அல்லது பள்ளிவாசல் நிர்வாகியின் கணக்கு கெட்ட கைக்குப் போனால், அவர் பெயரில் ஒரு வார்த்தை பரவுவதற்குப் பணத்தை விடப் பெரிய விலை கொடுக்க நேரிடலாம்.

எனவே ஒரு வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்துங்கள். பணம் கேட்டோ, கோட் கேட்டோ தகவல் வந்தால், கேட்டவர் வாப்பாவாக இருந்தாலும் சாதாரண அழைப்பில் குரலைக் கேட்ட பிறகே பதில் கொடுங்கள். உம்மாவின் போனிலும் ராத்தாவின் போனிலும் அந்த பின்னை நீங்களே அமர்ந்து அமைத்துக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.