பிர்மாசென்ஸ்

ஜெர்மனியின் தென்மேற்கே, பிரெஞ்சு எல்லையை அடுத்த பலாட்டினேட் வனப்பிரதேசத்தின் விளிம்பில், ரோமாபுரியைப் போல் ஏழு குன்றுகளின்மீது அமைந்ததென அவ்வூரார் பெருமிதத்தோடு கூறும் இந்நகரம், பாதரட்சைத் தொழிலால் பிரசித்தி பெற்றது. எட்டாம் நூற்றாண்டின் துறவியான புனித பிர்மினின் நாமமே ஊருக்கு வழங்கலாயிற்று. ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட் பிரபுவான ஒன்பதாம் லுட்விக், தமக்கு மிகப் பிரியமான கிரெனேடியர் சேனையை இங்கே நிலைநிறுத்தி, 1763-இல் ஊருக்கு நகர அந்தஸ்தும் அளித்தார். 1790-இல் அவர் காலமாகிச் சேனையும் கலைக்கப்படவே, ஜீவனோபாயமின்றித் தவித்த சிப்பாய்க் குடும்பங்கள் துணியாலும் தோலாலும் எளிய செருப்புகளைத் தைக்கத் தொடங்க, பெண்கள் அவற்றைச் சுமந்து ஊர் ஊராகக் கால்நடையாய்ச் சென்று விற்றனர். பிரபுவின் தயவால் எழுந்த நகரம் அவருக்குப் பின்னும் நிலைத்த பெருமை இம்மாதரையே சாரும் எனல் மிகையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்தபின், இந்நகரம் ஜெர்மானியப் பாதரட்சை உற்பத்தியின் தலைமைக் கேந்திரமாயிற்று. டாடா கலை இயக்கத்தின் ஸ்தாபகருள் ஒருவரான ஹூகோ பால் 1886-இல் இங்கே பிறந்தவர். 1945 மார்ச்சில் விமானக் குண்டுவீச்சால் பெரும் நாசமுற்றும் மீண்டெழுந்த பாதரட்சைத் தொழில், 1970-க்குப் பின் மலிவான அந்நிய இறக்குமதிகளின் முன் க்ஷீணித்தது. ரைன்பெர்கர் என்ற முன்னாள் பாதரட்சை ஆலையின் பிரம்மாண்டமான கட்டடத்தில் இப்போது ஒரு விஞ்ஞானக் காட்சிசாலை இயங்குகிறது; பாதரட்சைத் தொழிலைக் கற்பிக்கும் பள்ளியும், அத்தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையமும் இன்றும் இந்நகரிலேயே உள்ளன.