ஈயக் குண்டுக்கு உறை வந்த வரலாறு: முதலில் குழலுக்கு, பிறகு கைக்கு

புதிதாக வார்த்த ஈயக் குண்டு பளபளவென்றிருக்கும். சில நாட்களில் அதன் மேல் சாம்பல் படலம் படரும். ஈரக்காற்று புகும் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வெண்மையான மாவு பூக்கும். ஒரு காலத்தில் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளை வண்ணமாகப் பூசப்பட்டு, பின்னர் நஞ்சென்று ஒதுக்கப்பட்ட ஈயக் கார்பனேட்தான் அந்த மாவு. ஓக் மரப் பெட்டியாக இருந்தால் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி இந்த அரிப்பை இன்னும் விரைவாக்கும். தோட்டாக்களைப் பையில் போட்டு நடப்பவரின் விரலிலும் துணியிலும் ஒட்டுவது பெரும்பாலும் இந்த மாவும் படலமும்தான். உலோக ஈயம் தோல் வழியாக உடலுக்குள் அதிகம் புகுவதில்லை. கையிலிருந்து உணவுக்கும், உணவிலிருந்து வாய்க்கும் போவதே அதன் வழி. உள்ளே போன ஈயத்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள் தங்கிவிடும்.

இந்த ஈயத்தை மூடிவைக்க வேண்டும் என்ற எண்ணம் மனித உடலை நினைத்துத் தோன்றியதல்ல. முதலில் துப்பாக்கிக் குழலுக்காகவும், அடுத்துப் போர்ச் சட்டத்துக்காகவும் குண்டுக்கு உறை வந்தது. தொடுகிற கையும் மூச்சிழுக்கிற நுரையீரலும் கணக்கில் சேர்ந்தது மிகவும் பிந்தித்தான். இந்த வரிசையைச் சான்றுகளோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கிக்கான தோட்டா காகிதத்தால் ஆனது. ஒரு முனையில் கருமருந்து, மறுமுனையில் ஈயக் குண்டு. குண்டிருக்கும் பக்கத்துக் காகிதத்தின் மேல் கொழுப்புப் பூச்சு. சிப்பாய் மருந்து முனையைக் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டுவார். பிறகு தோட்டாவைத் திருப்பி, குண்டைக் காகிதத்தோடு சேர்த்தே உள்ளே தள்ளுவார். கொழுப்பேறிய காகிதம் ஈயத்துக்கும் குழலுக்கும் நடுவில் நின்று, ஈயம் குழலின் வரிப்பள்ளங்களில் அப்பிக்கொள்ளாமல் காத்தது. அந்தக் கொழுப்பு பசுவுடையதா பன்றியுடையதா என்று 1857 ஜனவரியில் டம்டம்மில் எழுந்த பேச்சு சிப்பாய்க் கிளர்ச்சியில் போய் முடிந்ததை நம் பள்ளிப் பாடநூல்களே சொல்லும். தொழில்நுட்ப வரலாற்றில் இதே காகிதத்துக்கு இன்னொரு இடம் உண்டு. சிப்பாயின் விரல் ஈயத்தைத் தொடாமல் அது காத்தது. ஆனால் யாரும் அதற்காக அதைச் சுற்றவில்லை.

உலோகக் கூடுள்ள தோட்டாக்கள் வந்ததும் காகிதம் போயிற்று. கொழுப்பும் மெழுகும் மட்டும் குண்டின் வெளிப்புறத்தில் தங்கின. சட்டைப் பையில் போட்டால் நூலும் மணலும் ஒட்டின. வெயிலில் மெழுகு உருகியது. எனவே பல ரகங்களில் மெழுகை நிரப்பும் பள்ளங்களைக் கூட்டுக்குள் மறையும்படி அமைத்தார்கள். .38 லாங் கோல்ட் தோட்டா இப்படி மாறியவற்றுள் ஒன்று. ஆனால் 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் பழைய அமைப்பிலேயே நின்றது. இன்றுவரை அதன் ஈயமும் மெழுகும் வெளியே தெரிகின்றன. அதில் சில ரகங்களுக்கு மெல்லிய செம்பு முலாம் பூசப்படுகிறது. தோட்டாவை எடுத்துச் செல்வதில் உள்ள தொல்லை குண்டின் வடிவத்தையே மாற்றியது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஆனால் அன்று தொல்லை என்று கருதப்பட்டது அழுக்கு மட்டுமே. நஞ்சு யார் நினைப்பிலும் இல்லை.

பெரிய திருப்பம் 1880களில் வந்தது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் செம்பு உறையிட்ட குண்டை உருவாக்கினார். 1884இல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1886இன் லெபெல் துப்பாக்கி அந்த மருந்தோடு படைக்குள் நுழைந்தது. புதிய மருந்து தந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்கவில்லை. வரிப்பள்ளங்களைப் பற்றிச் சுழல முடியாமல் உரிந்து குழலெங்கும் அப்பியது. எனவே உறை கட்டாயமாயிற்று. அந்த உறை முனையை மூடியது. அடிப்பாகத்தைப் பெரும்பாலும் திறந்தே விட்டது. இந்தத் திறந்த அடி பின்னால் முக்கியமாகும்.

1890களின் பிற்பகுதியில் டம்டம் தொழிற்சாலையில் கேப்டன் நெவில் பெர்டி-கிளே உறையின் முனையை நீக்கி ஈயத்தை வெளித்தெரிய விட்டார். உடலுக்குள் புகுந்ததும் அந்தக் குண்டு விரிந்து கொடுங்காயம் செய்தது. மையத்தை முழுதும் மூடாத உறையுள்ள, விரிவடையும் குண்டுகளுக்கு 1899இன் ஹேக் பிரகடனம் தடை விதித்தது. முழு உறை படைகளின் விதியாக நிலைத்ததற்கு எதிரியின் காயத்தைப் பற்றிய இந்தக் கவலையும் ஒரு காரணம். குண்டைத் தொடுகிறவரின் உடல்நலம் அப்போதும் பேச்சில் இல்லை.

பூச்சு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1921 நல்ல சான்று. அன்றைய அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் செம்பு-நிக்கல் உறை குழலில் கட்டியாகப் படிந்து துப்பாக்கி சுடும் போட்டியாளர்களை வாட்டியது. தீர்வாக, அவ்வாண்டு தேசியப் போட்டிகளுக்கான குண்டுகளில் வெள்ளீயம் பூசினார்கள். படிவு குறைந்தது. ஆனால் பித்தளைக் கூட்டின் கழுத்தும் வெள்ளீயமும் பற்றவைத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதோடு குண்டைக் கிரீஸில் தோய்த்துச் சுடும் பழக்கமும் வீரர்களிடம் இருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த இடத்தைக் கிரீஸ் அடைத்துவிட, கழுத்து விரிந்து குண்டை விட வழியில்லாமல் உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. அந்தப் பூச்சு கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில் செம்பும் சிறிது துத்தநாகமும் கலந்த உறை படிவுச் சிக்கலைத் தீர்த்தது.

மூடிய கூடங்களில் காவலர்களும் விளையாட்டு வீரர்களும் நாள்தோறும் சுடத் தொடங்கிய பிறகுதான் கணக்கு மாறியது. பணியிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயமே எல்லை என்று அமெரிக்கா 1978இல் விதித்தது. கூடங்களின் காற்றில் ஈயம் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் உள்ள ஈய ஸ்டிஃப்னேட். மற்றொன்று, சூடான வாயு அரித்தெடுக்கும் குண்டின் திறந்த அடி. ரூபின் காலத்து வடிவமைப்பில் யாரும் பொருட்படுத்தாத அந்த அடியை மூட, ஈய மையத்தை முழுதாகச் செம்பில் மின்முலாம் பூசிய குண்டுகள் வந்தன. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் நைலான் பூசிய ‘நைக்ளாட்’ குண்டுகளை விற்றது. பின்னர் நைக்ளாட் ஃபெடரல் நிறுவனத்திடம் போனது. என் மதிப்பீட்டில் இந்த வரலாற்றின் உண்மையான திருப்புமுனை நைக்ளாட். சுடுகிறவரின் மூச்சை ஒரு காரணமாக வெளிப்படையாகச் சொல்லி விற்ற பூச்சு அது.

இன்று தாமே குண்டு வார்ப்பவர்களிடம் பாலிமர் பூச்சு பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான ‘ஹை-டெக்’ அவற்றுள் பெயர் பெற்றது. வண்ணப்பொடி முறை இன்னும் எளிது. குண்டுகளையும் பாலியெஸ்டர் பொடியையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினால், உராய்வில் எழும் மின்னூட்டத்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். சுமார் 200 டிகிரி செல்சியஸில் அடுப்பில் சுட்டால் பொடி இளகிக் கண்ணாடிபோல் மூடும். ஈயம் 327 டிகிரியில்தான் உருகும் என்பதால் குண்டின் வடிவம் கெடாது. நன்றாகச் சுட்ட குண்டைச் சுத்தியலால் தட்டி நசுக்கினாலும் பூச்சு உரியாது. அதன் சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு அழகு. கையில் ஈயக்கறை படிவதில்லை, மெழுகுப் புகையும் இல்லை. பழைய மெழுகுக் குண்டோடு ஒப்பிட்டால், பையில் எடுத்துச் செல்பவருக்கு இது தெளிவான முன்னேற்றம்.

ஆனாலும் பூச்சின் எல்லையை மறைக்கக்கூடாது. செம்போ நிக்கலோ பூசிய ஈயச் சிறுரவைகள் நீர்ப்பறவைகளைக் காக்கவில்லை. பறவையின் அரைவைப் பையில் கிடக்கும் கற்கள் பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு ஈயம் அமிலத்தில் கரையும். 1991இல் அமெரிக்கா முழுதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயரவையே தடைசெய்யப்பட்டது. 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. அங்கே காண்டர் கழுகுகளின் உயிர் பெருங்காரணம். மனிதர்களுக்கும் நிலைமை எளிதல்ல. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம்வரை இடம்கொடுக்கும் பழைய விதி, சுடுகூடப் பணியாளர்களைக் காக்கப் போதாது என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் சொன்னது. 2010இல் அமெரிக்கப் படை ஏற்ற எம்855ஏ1 குண்டில் ஈயம் இல்லை. ஆனால் அந்தத் தோட்டாவின் பிரைமரில் ஈயம் இருந்தது.

ஆகவே தோட்டாப் பெட்டியில் ‘பூச்சுள்ளது’ என்ற ஒரு சொல் போதாது. குண்டின் அடி மூடப்பட்டதா, பிரைமரில் ஈயம் உண்டா என்பதையும் உற்பத்தியாளர்கள் அச்சிட வேண்டும். சுடுகூடங்களை நடத்துபவர்கள், குறிப்பாகச் சிறுவர்களுக்குப் பயிற்சி தருபவர்கள், காற்றோட்டத்தையும் சோப்பும் தண்ணீரும் உள்ள கைகழுவும் இடத்தையும் உறுதிசெய்த பிறகே பூச்சைப் பற்றிப் பேச வேண்டும். ஏனெனில் பெரியவர் விழுங்கும் ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும். குழந்தைக்கு அது பாதிவரை போகும்.