கோவண்டியில் பல்கலைக்கழக விரிவாக்கப் பணி

பட்டம் பெற வராத மக்களுக்காகப் பல்கலைக்கழகம் தன் வகுப்பறைக்கு வெளியே செய்யும் கல்வி, நலவாழ்வு, சட்ட உதவி, வாழ்வாதார வேலைகள் விரிவாக்கப் பணி எனப்படும். மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையே உள்ள கோவண்டி, இந்தியாவில் இப்பணி நடந்துவரும் இடங்களில் ஒன்று. அருகே தேவ்நாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) 2011இல் தொடங்கிய ‘எம் வார்டு’ திட்டம் இதன் முக்கியமான முயற்சி.

வரலாறு

படித்தவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடம் சொல்லும் முறையை 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தொடங்கியது. அமெரிக்காவில் 1914இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வேளாண் கல்லூரிகளின் அறிவை உழவர் வீட்டுக்குக் கொண்டுசெல்ல அரசு நிதியை ஒதுக்கியது. இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அமைந்தது. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு இணையான மூன்றாவது கடமையாக விரிவாக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 1977இல் ஏற்றது.

மும்பையில் இதன் வேர் இந்த இந்தியத் திட்டங்களைவிடப் பழையது. கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்பவர் 1920களில் நாக்பாடாவில் ஏழைத் தொழிலாளர் நடுவே ஒரு சமூக நிலையத்தை நிறுவினார். அந்த அனுபவத்திலிருந்து 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப்படிப்புப் பள்ளி பிறந்தது. அதன் முதல் இயக்குநரும் மான்ஷார்ட்தான். 1944இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்நிறுவனம், 1954இல் தேவ்நாருக்கு வந்தது. ஏழைத் தொழிலாளர் நடுவே பிறந்த பள்ளி என்பதால், மாணவர்கள் களத்தில் வேலை செய்வது தொடக்கம் முதலே படிப்பின் பகுதியாக இருந்தது.

வட்டாரம்

கோவண்டி அடங்கிய, மும்பை மாநகராட்சியின் எம் கிழக்கு வார்டில் 2011 கணக்கெடுப்பின்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகரின் குப்பை 1927 முதல் தேவ்நார் கிடங்கில் கொட்டப்படுகிறது. நகரின் மற்ற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 1970களில் சிவாஜி நகர் மனைகள் பிரிக்கப்பட்டன. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 70,000 பேர் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். 2000க்குப் பின் ரயில் பாதையோரக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு போன்ற அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டனர். 2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் 24 வார்டுகளில் எம் கிழக்கு கடைசி இடத்தில் நின்றது.

தேவையைக் கண்டறிதல்

ஜனதா காலனி இடிப்பை எதிர்த்த போராட்டத்தை நடத்தியவர், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜாக்கின் அற்புதம் (இறப்பு: 2018). காலனியில் குப்பை அள்ளப்படாதபோது, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் வைக்கச் செய்தவர் அவர். டிஸ்ஸில் படித்து நாக்பாடா நிலையத்தில் பணியாற்றிய ஷீலா பட்டேல் 1984இல் ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கியபின் இருவரும் இணைந்தனர். 1985இல் நடைபாதைவாசிகளின் கணக்கெடுப்பை ஸ்பார்க் அம்மக்களைக் கொண்டே நடத்தியது. தம்மைத் தாமே எண்ணிக்கொள்பவர்கள் அதிகாரியின் முன் கணக்கோடு நிற்க முடியும் என்பதை மும்பை அப்போது கற்றுக்கொண்டது.

எம் வார்டு திட்டமும் கணக்கெடுப்பில்தான் தொடங்கியது. டிஸ்ஸின் பவள விழா ஆண்டில், எஸ். பரசுராமன் இயக்குநராக இருந்தபோது, வார்டின் குடிசைப் பகுதிகளும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அடுத்த படி, பகுதி வாரியாக மக்களோடு அமர்ந்து எழுதும் நுண்திட்டம். பொதுக் கழிப்பறை ஒன்றுக்கு இப்படித் திட்டமிடும்போது இருக்கைகளை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறதா, ஒரு தடவைக்கு என்ன கட்டணம், பெண்கள் எந்த நேரத்துக்குப் பிறகு போகத் தயங்குகிறார்கள் என்பதையெல்லாம் அங்கே வாழும் பெண்களே சொல்ல வேண்டும். மாநகராட்சியின் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

மாறும் தேவைகள்

குடிசையில் இருந்தவரை மக்கள் கேட்டது குழாய்த் தண்ணீர். குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் குடியேறியவர்கள் என்று சொல்லி அது மறுக்கப்பட்டுவந்த நிலையில், 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுக்கும் தண்ணீர் வழங்க உத்தரவிட்டது. அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு வேறு சிக்கல்கள்: பழுதான லிஃப்ட், கட்ட முடியாத பராமரிப்புத் தொகை, 225 சதுர அடி வீட்டுக்குள் வராத வெளிச்சம். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைப் பற்றி டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் ஐஐடி பம்பாயும் இணைந்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. நெருக்கிக் கட்டிய கட்டடங்களில் காற்றும் வெயிலும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் மிகுதி என்று அது காட்டியது. காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முகாம் மட்டும் இங்கே போதாது. கட்டட விதியைப் படித்து வாதாடத் தெரிந்தவரும் வேண்டும். 2016 ஜனவரியில் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது, சுவாசிக்கும் காற்றும் கோரிக்கைப் பட்டியலில் ஏறியது. ஐந்தாண்டுக்கு முன் எழுதிய திட்டத்தை அப்படியே நடத்துபவர்கள் இந்த மாற்றங்களைத் தவறவிடுவார்கள்.

கையளித்தல்

டிஸ் தன் விரிவாக்க வேலைகளைக் ‘களச் செயல் திட்டம்’ என்கிறது. ஒரு சேவையைச் சிறிதாகத் தொடங்கி, அது பலன் தரும் என்று காட்டி, நிலைத்து நடத்தக்கூடியவரிடம் ஒப்படைப்பது இதன் நடைமுறை. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக 1984இல் மும்பை காவல் துறையில் அமைத்த சிறப்புப் பிரிவு பின்னர் மகாராஷ்டிர அரசின் திட்டமாகப் பரவியது. ஜெரூ பில்லிமோரியா 1996இல் டிஸ்ஸிலிருந்து தொடங்கிய 1098 குழந்தைகள் உதவி எண் நாடு முழுவதும் சென்றது. சிறைவாசிகளுக்கான பிரயாஸ் (1990), வீடற்றோருக்கான கோஷிஷ் (2006) ஆகியவையும் இவ்வாறு பிறந்தவை.



வரம்புகள்

கல்வியாண்டு முடிந்ததும் மாணவர் போய்விடுகிறார். குடியிருப்பின் சிக்கல் அங்கேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் அதே வினாப்பட்டியலோடு அதே கதவைத் தட்டுகிறார். நிதியும் நிலையற்றது: 2024 ஜூனில் டிஸ்ஸின் ஒப்பந்தப் பணியாளர் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நிதி இல்லையென்று பணிமுடிவு அறிவிக்கப்பட்டு, சில நாள்களில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இவற்றைச் சமாளிக்க மூன்று ஏற்பாடுகள் அவசியம். திரட்டிய விவரம் மக்கள் பேசும் இந்தி, உருது, மராத்தி, தமிழில் அவர்களிடமே திரும்ப வர வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் சம்பளத்தோடு ஆண்டு முழுவதும் பொறுப்பில் இருக்க வேண்டும். திட்டம் முடியும்போது யார் கையில் ஒப்படைப்பது என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழகம் விலகிய பின்பும் கோவண்டிவாசி தன் கணக்கைத் தானே எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்தில் பேச முடிகிறதா என்பதே இப்பணியை மதிப்பிடும் நியாயமான அளவுகோல்.