ஓடைக்குப் பூட்டு கிடையாது

பத்துத் தளங்களில் வரும் செய்திகளை ஒரே பக்கத்தில் திரட்டிப் படிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று செய்தியோடை, இன்னொன்று ஏபிஐ. நிரல் எழுதுகிறவர்களைக் கேட்டால், "ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஏபிஐ-ல வசதி கொஞ்சம் அதிகம்"னு சொல்வாங்க. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஓடையை எடுக்க யாரிடமும் பேர் சொல்ல வேண்டியதில்லை. ஏபிஐ-க்குப் பதிவு செய்து சாவி வாங்க வேண்டும். சாவி கொடுத்தவர் நாளைக்குப் பூட்டை மாற்றலாம். திரட்டிகளின் 25 வருட வரலாற்றைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப இந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கதை 1999 மார்ச்சில் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 'மை நெட்ஸ்கேப்' என்று ஒரு முகப்புப் பக்கம் நடத்தியது. அதில் மற்ற தளங்களின் தலைப்புகளையும் காட்ட வேண்டும். ஒவ்வொரு தளத்தோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு மாளுமா? அதனால் தளக்காரர்களே தங்கள் தலைப்புகளையும் சுட்டிகளையும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைக்கட்டும், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கோப்பின் வடிவம்தான் ஆர்எஸ்எஸ். அதை வடிவமைத்தவர்கள் டான் லிப்பியும் ராமநாதன் குஹாவும். குஹா நம்ம சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் படித்தவர்.

அதே ஆண்டு ஜூலையில் அடுத்த பதிப்பு வந்தது. நெட்ஸ்கேப்பை ஏற்கெனவே ஏஓஎல் வாங்கியிருந்தது. புது முதலாளிக்கு இதில் அக்கறை இல்லை. 2001-ல் ஆர்எஸ்எஸ் ஆதரவையே கைவிட்டார்கள். பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளையை வளர்க்க இரண்டு கூட்டம் சண்டை போட்டது. எளிமையாகவே இருக்கட்டும் என்றார் யூசர்லேண்டின் டேவ் வைனர். தரவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெரிய கனவுக்கு இது அடித்தளமாக வேண்டும் என்றது இன்னொரு குழு. அந்தக் குழு 2000 டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டபோது அதில் இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு வயது 14. வைனர் 2002 செப்டம்பரில் 2.0 வெளியிட்டார். ரெண்டு பேரும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு குழு கிளம்பி, 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற வடிவத்தை இணையத் தரமாகவே பதிவு செய்தது. ஆர்எஸ்எஸ் என்ற மூன்று எழுத்துக்குக்கூட இதற்குள் மூன்று விரிவாக்கம் வந்துவிட்டது!

இவ்வளவு சண்டையிலும் ஓடை ஏன் சாகவில்லை? அது வேலை செய்யும் விதம் அவ்வளவு எளிது. தளத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, சுட்டி, தேதி, கொஞ்சம் சாரம். திரட்டி மணிக்கொரு தடவை வந்து, "போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கா?"ன்னு கேட்கும். மாறவில்லை என்றால் வழங்கி '304' என்று ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடும். மாறியிருந்தால் கோப்பைக் கொடுக்கும். அவ்வளவுதான். கேட்டது யார் என்று அது விசாரிப்பதில்லை. எந்தப் பதிப்பாக இருந்தாலும் படிக்கிற மாதிரி திரட்டி எழுதியவர்கள் நிரலைச் சரி செய்துகொண்டார்கள்.

தமிழ் வலைப்பதிவுலகம் இந்தத் திறந்த கதவு வழியாகத்தான் உருவானது. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், அங்கங்கே சிதறிக் கிடந்த பதிவுகளின் ஓடைகளை இழுத்து ஒரே பக்கத்தில் காட்டியது. பெரும்பாலான பதிவுகள் பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் இருந்தன. அந்த நிறுவனங்களின் வாசலில் போய் நின்று, "தமிழுக்கு ஒரு திரட்டி வேணும், அனுமதி கொடுங்க" என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சின்ன எண்ணிக்கையை யார் மதித்திருப்பார்கள்? ஓடை இருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஓடையில் முழுக் கட்டுரையையும் கொடுத்தால் வாசகர் தளத்துக்கே வர மாட்டார். விளம்பர வருமானம் போகும். எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கும் சரியாகக் கிடைக்காது. அதனால்தான் பல செய்தி நிறுவனங்கள் தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் தந்தன. ஏபிஐ-யில் இந்தச் சிக்கல்கள் குறைவு. பழைய கட்டுரைகளைத் தேடலாம், பொருள்வாரியாகப் பிரிக்கலாம், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எண்ணலாம். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2009 மார்ச்சில் தன் கட்டுரைகளை ஏபிஐ வழியாகத் திறந்துவிட்டது ஒரு நல்ல முன்மாதிரி.

ஆனால் எல்லாரும் கார்டியன் இல்லை. ட்விட்டர் 2006 முதல் ஏபிஐ கொடுத்தது. அதை நம்பிப் பல செயலிகள் பிறந்தன. 2012 ஆகஸ்டில் வெளியார் செயலிகளுக்குப் பயனர் எண்ணிக்கையில் உச்சவரம்பு வந்தது. 2013-ல் ஆர்எஸ்எஸ் வெளியீடும் நின்றது. 2023-ல் வெளியார் செயலிகளுக்குக் கதவே சாத்தப்பட்டது. அதே ஆண்டு ரெட்டிட் தன் ஏபிஐ-க்கு விலை வைத்தது. அப்பல்லோ என்ற செயலியை எழுதியவர் தனக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லி, ஜூன் 30-ஆம் தேதியோடு கடையை மூடினார்.

சரி, ஓடை மட்டும் தப்பித்ததா? முழுசா இல்லை. 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர் இலவசம், வேகம். அதன் எதிரில் சின்னத் திரட்டிகளால் நிற்க முடியவில்லை. பயன்பாடு குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி 2013 ஜூலை 1-ஆம் தேதி கூகுள் அதை மூடியது. ஓடைகள் அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைப் படித்த மண்டபத்துக்குத்தான் ஒரே ஒரு சொந்தக்காரர். கதவு திறந்திருந்தும், எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

இருந்தும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அப்பல்லோ மூடியபோது அதன் பயனர்களுக்கு வேறு வழி சுருங்கிப்போனது. ரீடர் மூடியபோது வாசகர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி ஃபீட்லிக்கோ வேறு திரட்டிக்கோ எடுத்துப் போனார்கள். பாட்காஸ்ட் இன்றைக்கும் ஆர்எஸ்எஸ்-ல்தான் ஓடுகிறது. ஒரு நிகழ்ச்சியை எந்தச் செயலியிலும் கேட்க முடிகிறதென்றால் காரணம் அதுதான்.

வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் ஓடை இன்னமும் வரும். உங்களுக்குப் பிடித்த பத்துத் தளங்களில் போட்டுப் பாருங்கள். கிடைப்பதை ஒரு திரட்டியில் சேருங்கள். அந்த ஓபிஎம்எல் கோப்பை மட்டும் மறக்காமல் உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.