கற்பலகையும் எந்திரமும்: இராமானுஜனின் 1729 எழுப்பும் வினா

கணித விந்தைகள் பொழுதுபோக்கு நூல்களுக்கே உரியவை எனக் கருதப்படுவதுண்டு. அவற்றுட் சில ஒரு துறையின் வரலாற்றையே திறந்து காட்டுவன. 1729 என்னும் எண் அத்தகையது. நோயுற்றுப் புட்னியில் தங்கியிருந்த சீனிவாச இராமானுஜனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் அவ்வெண் சுவையற்றது என்றார். இரு நேர் எண்களின் கனங்களைக் கூட்டி இருவகையாற் பெறத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என இராமானுஜன் விடையிறுத்தார். 1³ + 12³, 9³ + 10³ ஆகிய இரண்டும் 1729 ஆகும்.

இவ்விடை நொடியில் தோன்றிய உள்ளொளி என்றே நெடுங்காலம் போற்றப்பட்டது. கையெழுத்துச் சான்று வேறு கூறுகிறது. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்திற் கண்டெடுத்த தாள்களில் 9³ + 10³ = 12³ + 1 என்னும் சமன்பாடு உள்ளது. 135³ + 138³ = 172³ − 1 என்பதும் உடன் உள்ளது. இரு கனங்களின் கூட்டுத்தொகை மற்றொரு கனத்தினும் ஒன்று மட்டுமே மிகுந்தோ குறைந்தோ அமையும் எண்களை முடிவின்றித் தரும் வாய்பாட்டையும் அவர் எழுதியுள்ளார். விந்தையின் பின்னே முறையான ஆய்வு இருந்தது. நிறுவல் மட்டும் எழுதப்படவில்லை.

அதற்குரிய காரணங்களுள் வறுமையும் ஒன்று. தாள் விலை எட்டாதிருந்த நாட்களில் அவர் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டுமே குறிப்பேட்டிற் பதிந்தார். அவ்வேடுகளின் முடிவுகளுக்குரிய நிறுவல்களை புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். பிழையானவை மிகச் சிலவே.

2021-இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் 'இராமானுஜன் எந்திரம்' என்னும் கணினி முறையை 'நேச்சர்' இதழில் அறிமுகம் செய்தனர். π, e முதலிய மாறிலிகளுக்குரிய தொடர் பின்னங்களை அது இலக்கங்களை ஒப்பிட்டு ஊகிக்கிறது; நிறுவுவதைப் பிறருக்கு விடுகிறது. இராமானுஜன் காரணமின்றி ஊகித்தவர் என்னும் பழங்கருத்தே இப்பெயரின் அடியில் உள்ளது. அவருடைய ஊகத்திற்குப் பின்னே அழிக்கப்பட்ட கற்பலகை ஒன்று இருந்தது. எந்திரத்தின் ஊகத்திற்குப் பின்னே இருப்பது இலக்கங்களின் ஒப்புமையே.

இவ்வேறுபாடு இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் பொருந்தும். 2014-இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் யோசுவா பெஞ்சியோவின் குழு மொழிபெயர்ப்புக்கென வகுத்த 'கவனம்' என்னும் உத்தி, பின்வந்த பெருமொழி மாதிரிகளுக்கு வழிகோலியது. அம்மாதிரிகள் மெய்யையும் பொய்யையும் ஒரே சரளத்துடன் மொழிகின்றன. இக்குறையை நீக்கும் முயற்சியே 'ஆல்ஃபாபுரூஃப்'. அது 2024-ஆம் ஆண்டின் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டு வினாக்கள் ஆறனுள் மூன்றைத் தீர்த்தது. அதன் ஒவ்வொரு படியும் 'லீன்' என்னும் மொழியிற் சரிபார்க்கப்பட்டது.

எனவே, எந்திரம் இராமானுஜனை நெருங்குவது ஊகத்தின் வியப்பால் அன்று. அவர் அழிக்க நேர்ந்த படிகளை எழுதிக் காட்டும் அளவினாலேயே ஆகும். அவரை வெறும் அற்புதமாகப் போற்றுவோர் அவரது உழைப்பை மீண்டும் ஒருமுறை அழிப்பவராவர்.