உரிமையா, உரிமமா, அனுமதியா, விலக்கா?



சென்ற வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. குடகு நாட்டில் ஒரு வீடு. பூஜை விளக்கின் முன் துப்பாக்கிகளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். குழல் வாயில் பூ. உற்றுப் பார்த்தால் நம் செங்காந்தள்! படத்தின் கீழே, "இங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி லைசென்ஸ் உண்டு" என்று எழுதியிருந்தது. தம்பி ஒருவர், "லைசென்ஸே வேண்டாம், அது அவங்க பிறப்புரிமை" என்றார். இன்னொருவர், "கலெக்டர் பர்மிட் இருந்தா போதும்" என்றார்.

மூவர் சொன்னதும் சரியில்லை. சொல்தானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதிக்கொள்வோம்: உரிமை, உரிமம், அனுமதி, விலக்கு.

உரிமை நமக்கு இயல்பாக உள்ளது; அரசு அதைக் காக்கக் கடமைப்பட்டது. உரிமம், அதாவது லைசென்ஸ், சட்டம் பொதுவாகத் தடுத்திருக்கும் ஒன்றைச் செய்ய ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, நிபந்தனையோடு அரசு தருவது. அனுமதி, அதாவது பர்மிட், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும். விலக்கு என்பது, "இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவு இவர்களுக்குப் பொருந்தாது" என்று அரசே அறிவிப்பது. உரிமைக்கும் உரிமத்துக்கும் எழுத்தில் வேறுபாடு சிறிது. ஆனால் சட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1857 எழுச்சிக்குப் பிறகு, இந்தியர் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று ஆங்கில அரசு முடிவு செய்தது. ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். அதற்குச் சட்டமும் செய்தார்கள். குடகு 1834-லேயே கம்பெனியின் கைக்குப் போயிருந்த நாடு. ஆனால் 1861 பிப்ரவரியில், மைசூர், குடகுப் பகுதிகளின் ஆணையராக இருந்த மார்க் கப்பன், குடகர்களை ஆயுதப் பறிப்பிலிருந்து விலக்கி ஆணை பிறப்பித்தார். பெங்களூரு கப்பன் பார்க் அவர் பெயரில் உள்ளதுதான். ஆணையிட்ட இரண்டு மாதத்தில், தாய்நாடு திரும்பும் வழியில் சூயஸில் அவர் இறந்துபோனார். அவர் ஆணையின் நிழல் மட்டும் இன்றுவரை நீள்கிறது.

பிறகு 1878. வைஸ்ராய் லிட்டன் பிரபு காலம். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்த அதே ஆண்டில்தான் ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டு நிற்க வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. சட்டம் ஒன்று, ஆனால் ஒருவருக்கு ஒரு சொல், மற்றவருக்கு வேறு சொல். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் அடிமைத்தனம் உட்கார்ந்திருந்தது. படித்தவர்களுக்கு இது உறைத்தது. 1887-ல் நம் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. 1931 கராச்சி காங்கிரஸில் நிறைவேறிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதும் குடிமக்களின் உரிமை என்று சேர்த்தார்கள்.

அப்படியானால் விடுதலைக்குப் பிறகு அது உரிமையாகியிருக்க வேண்டுமே? அங்கேதான் பலர் தவறுகிறார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. குற்றமே தொழிலாகக் கொண்டவனும் அதே உரிமையைக் கேட்டு வருவானே என்பது அவர் கவலை. திருத்தம் தோற்றது. ஆக, நம் நாட்டில் துப்பாக்கி உரிமை ஆகவில்லை. யோசித்து, விவாதித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தே உரிமத்தில் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் அதை உரிமை என்கிறது. அந்த நாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு அந்தச் சொல்லை இங்கே ஒட்டினால் பொருந்தாது.

இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 41-ஆம் பிரிவு, பொதுநலன் கருதி விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2019 திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகள் வரைதான் வைத்திருக்கலாம் (முன்பு 3). உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகியது.

இப்போது குடகுப் படத்துக்குத் திரும்புவோம். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் 'கைல்போது' அவர்களுடைய ஆயுதபூஜை. குழலில் செருகும் செங்காந்தளை 'தோக்குப் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்றே அழைக்கிறார்கள். குடகர் இனத்தவருக்கும், 'ஜம்மா' என்ற பழைய பரம்பரை நில முறையில் நிலம் வைத்திருப்போருக்கும் கிடைப்பது விலக்கு. ஜம்மா நிலக்காரர்களில் பிற சமூகத்தாரும் உண்டு. 1963-ல் மத்திய அரசு இந்த விலக்கை அறிவித்தது. 2019-ல், 2029 அக்டோபர் 31 வரை என்று தேதி போட்டு நீட்டித்தது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. அதற்குச் சான்றிதழ் உண்டு, நிபந்தனைகள் உண்டு. பிறப்புரிமைக்கு யாராவது முடிவு தேதி போடுவார்களா? ஆகவே அது உரிமையும் அல்ல, உரிமமும் அல்ல.

பர்மிட் என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் வழி உண்டு. அந்த உரிமம் கையில் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதலில் வேட்டை உரிமம் என்று ஒன்று இருந்தது. 1991 திருத்தத்தில் அது போய்விட்டது. இன்று விலங்கைச் சுட, குறிப்பிட்ட காரணத்துக்காக வனத்துறை தரும் தனி ஆணை வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பது ஒரு சட்டம், அதால் சுடுவது வேறு சட்டம்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மாணவன் இரவில் தொலைபேசியில் அழைத்தான். பெயர் வேண்டாம். மலையடிவாரத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா பெயரில் ஒரு நாட்டுத் துப்பாக்கி, முறையான உரிமத்தோடு. அப்பா இறந்து இரண்டு ஆண்டு ஆகியும் துப்பாக்கி பரண் மேலேயே கிடந்தது. தேர்தல் வந்தது; உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவலர் வந்தார். "லைசென்ஸ் இருக்கே சார்" என்று இவன் நோட்டை நீட்டினான். நோட்டில் இருந்தது இறந்தவர் பெயர். உரிமம் ஆளோடு போய்விடும். நிலத்தைப் போலப் பிள்ளைக்கு இறங்காது. இறந்தவுடன் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி, வேண்டுமானால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். அவன் அரசு வேலைக்குத் தேர்வாகி, ஆணைக்குக் காத்திருந்த நேரம் அது. வழக்கு முடிவதற்குள் அந்த வேலை கைவிட்டுப் போனது.

"சார், லைசென்ஸ்னா உரிமைன்னுதானே நீங்க அர்த்தம் எழுதிப் போட்டீங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எட்டாம் வகுப்பில் எத்தனையோ சொற்பொருள் எழுதிப் போட்டிருக்கிறேன். இதையும் அவசரத்தில் அப்படி எழுதியிருப்பேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனவே பிள்ளைகளே, தாமதமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். லைசென்ஸ் என்றால் உரிமம். உரிமை அல்ல. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதேனும் இருந்தால், இன்றே நோட்டை எடுத்து யார் பெயர், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்